பின்னறைக்குப் போன கம்பி

1

இந்தக் கதை என்னிடம் ஒரு பழுதாகத்தான் வந்தது.

2010 ஐப்பசி, மாரி மழை தொடங்க முதல் ஒருநாள் காலை. பழுகாமத்திலிருந்து ஒருவர் இரண்டு பஸ் மாறி மட்டக்களப்பில் என் வீட்டுக்கு வந்தார். பெயர் யோகராசா, வயது ஐம்பத்தெட்டு. நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். ரேடியோ, மின்விசிறி, அரைக்கும் மெசின் என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் திறந்து பார்ப்பேன். படிப்பித்து எடுத்த பெயரைவிட இதில் எடுத்த பெயர்தான் ஊரில் நிலைத்தது. அவர் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு சொன்னார்:

"சேர், முன்னறையில பாட்டு முழுசா வருது. அதே பாட்டு பின்னறையில மேளம், வயலின், புல்லாங்குழல் எல்லாத்தோடயும் வருது. பாடுற ஆள மட்டும் காணல்ல."

ஒரே கொம்பியூட்டர், ஒரே அம்பிளிபயர், ஒரே பாட்டு. சுவருக்கு இந்தப் பக்கம் பாடகி பாடுகிறார். அந்தப் பக்கம் அவர் இல்லை. அதைவிடப் புதினம், மிகப் பழைய பாட்டுகள் பின்னறையில் கேட்பதேயில்லை. ஆளும் இல்லை, வாத்தியமும் இல்லை, வெறும் அறை.

அவர் சொல்லி முடித்துத் தேத்தண்ணியைக் குடிப்பதற்குள் எனக்கு விடை தெரிந்துவிட்டது. எந்தக் கம்பியை எங்கே கொழுவி இணைக்க வேண்டும் என்று ஒரு கொப்பித் தாளில் படம் கீறிக் கொடுத்தேன். அவர் தாளை நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். விடை தெரிந்த பழுதைப் பற்றி யாரும் கதை எழுதமாட்டார்கள். இரண்டு கிழமை கழித்து அவர் திரும்பி வந்து, "கம்பிய இன்னும் கொழுவல்ல சேர்" என்று சொன்னபடியால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

"கடல் வந்த காலையில் யோகராசா மண்டூரில் ஒரு வேப்பமரத்தின் உச்சியில் இருந்தார்."

இது பொய்யில்லை. ஆனால் இப்படித் தொடங்கினால் நீங்கள் கதை முடியும்வரை அலையையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு உங்கள் காதுதான் வேண்டும். இரண்டாவது வரைவு:

"மகள் கம்சாயினி வீட்டுக்கு வந்த அன்று நாய்கூடக் குரைக்கவில்லை. அது வாலை —"

அவர்கள் வீட்டில் நாய் இல்லை. வெறிச்சோடிய வீடு என்று காட்ட நானாகக் கொண்டுவந்து கட்டிய நாய் அது. அவிழ்த்துவிட்டேன்.

மூன்றாவது வரைவில் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று நாலு பக்கம் எழுதியிருந்தேன். எழுதும்போது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வாசித்துப் பார்த்தால் பத்தாம் வகுப்புப் பாடம். அதில் ஒன்றரைப் பந்தியை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன், ஐந்தாம் பகுதியில் வரும். பயப்பட வேண்டாம்.

3

ஆகவே நேராகச் சொல்கிறேன்.

யோகராசா களுதாவளையில் இருபத்தைந்து வருடம் லவுட்ஸ்பீக்கர் கட்டியவர். கோயில் திருவிழா, கலியாணவீடு, பெரியபிள்ளையானவளுக்குச் செய்யும் சாமத்தியவீடு, கூட்டம் எதுவானாலும் இரும்புக் கூம்பைத் தோளில் போட்டுக்கொண்டு மரத்தில் ஏறுவார். 2004 மார்கழி இருபத்தாறாம் திகதி காலை மண்டூரில், முதல்நாள் சாமத்தியவீட்டுக்குக் கட்டிய கூம்புகளை இறக்கிக்கொண்டிருந்தார். மகள் கம்சாயினிக்கு அப்போது பதினைந்து வயது. சாமத்தியவீட்டில் சிநேகிதிகளோடு பாடுவதற்கென்று தகப்பனோடு வந்திருந்தாள். மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையில், களுதாவளையில், கடல் வீட்டுக்குள் வந்தபோது மனைவி புஸ்பம் மட்டுமே வீட்டில் இருந்தார்.

புஸ்பத்தோடு வீடும் போயிற்று. இரவே வீட்டுக்கு அனுப்பியிருந்த அம்பிளிபயர்கள், ரெக்கோடர், ஒரு சுவர் முழுக்க அடுக்கியிருந்த கசெட்டுகள் எல்லாம் போயின. மிஞ்சியது மண்டூருக்குக் கொண்டுவந்த நாலு கூம்பும், அவற்றுக்கு ஓடிய கம்பிச் சுருள்களும்.

(அந்தக் கம்பியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே உறைக்குள் இரண்டு கம்பி ஓடுகிற, தடித்த, கறுப்புக் கம்பி.)

கடலுக்குப் பயந்து அவர் மகளோடு வாவிக்கு மேற்கே பழுகாமத்துக்கு, தங்கை வதனி தன் வளவில் வேலி பிரித்துக் கொடுத்த வீட்டுக்குப் போனார். கம்சாயினி வரமாட்டேன் என்றாள். பள்ளிக்கூடம் இங்கே, கூடப் பாடுகிற பிள்ளைகள் இங்கே, வீடிழந்த ஆட்களுக்குப் போட்ட முகாமிலேயே இருக்கலாம் என்றாள். அவர் அவள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. வாவியின் அந்த மேற்குக் கரை, படுவான்கரை, அப்போது வேறு ஆட்களின் கையில், இயக்கத்தின் கையில் இருந்தது. 2006 இல் ஒருநாள் அவள் வீடு திரும்பவில்லை. கூட்டிக்கொண்டு போனார்களா, தானாகப் போனாளா என்பது என் வரைவுகளில் மாறி மாறி வருகிறது. யோகராசாவும் என்னிடம் இரண்டு விதமாகவும் சொன்னார். நான் ஒன்றைத் தெரிவுசெய்யப் போவதில்லை. கடலுக்குப் பயந்து தான் எடுத்த முடிவுதான் பிள்ளையைக் கொண்டுபோனது என்பதை மட்டும் அவர் இரண்டு தரமும் ஒரே மாதிரிச் சொன்னார்.

சண்டை முடிந்து, தடுப்பு முகாமில் ஒரு வருடம் இருந்து, 2010 வைகாசியில் இருபத்தொரு வயதில் அவள் திரும்பி வந்தாள். தகப்பனைப் பார்த்தாள். மாமி வதனி கொடுத்த தண்ணியைக் குடித்தாள். பின்னறைக்குள் போனாள்.

அவள் பேசவில்லை என்று சொல்ல முடியாது. ஓம், இல்ல, வேணாம், பிறகு. இந்த நாலு சொல்லை வைத்து ஒரு வீட்டை நடத்தலாம் என்பதை யோகராசா அந்த ஐந்து மாதத்தில் கண்டுகொண்டார். முன்னறையில் அவர், பின்னறையில் அவள், இடையில் ஒரு சுவர். வேலிக்கு அப்பால் தன் வீட்டில் வதனி. கூம்பு கட்டுகிற மனிதனுக்கு அவ்வளவு சத்தமில்லாத வீடு பழக்கமில்லை.

4

பாட்டுப் பெட்டி வைக்கிற எண்ணம் காத்தான்குடியில் மர்சூக்கின் கடையில் வந்தது. மர்சூக் முன்பு கசெட் விற்றவர், இப்போது பழைய கொம்பியூட்டர் விற்கிறார். யோகராசா கசெட் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

"கசெட்டா? அண்ணே, எந்தக் காலத்தில இரிக்கீங்க? உங்கட பழைய கடைய முழுசா ஒரு சவர்க்காரப் பெட்டிக்குள்ள போட்டுத் தாறன், பாருங்க" என்று சொல்லி மர்சூக் ஒரு ஹார்ட் டிஸ்க்கை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நாலாயிரம் பாட்டு. யோகராசா அதைக் கையில் வாங்கி, பாரம் பார்த்து, காதுக்குக் கிட்டக் கொண்டுபோனார் என்று மர்சூக் பின்பு எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தாராம். (இதை யோகராசா மறுக்கிறார்.)

அவர் கேட்டது ஒரே வசதி. பின்னறையில் இருக்கிற ஆள், வெளியே வராமல், யாரிடமும் சொல்லாமல், பாட்டை மாற்ற வேண்டும். அதற்கு மர்சூக் கண்டுபிடித்த வழி இன்றைக்கும் எனக்குப் பிடித்திருக்கிறது. கொம்பியூட்டரும் அம்பிளிபயரும் முன்னறையில். அம்பிளிபயரில் இரண்டு சோடி ஸ்பீக்கருக்கு இடம் உண்டு. ஒரு சோடி முன்னறைக்கு, ஒரு சோடி பின்னறைக்கு. பின்னறையில் கம்பியில்லாத கீபோர்ட் ஒன்று. அதன் மேல்வரிசையில் அடுத்தது, முந்தியது, நிறுத்து என்று மூன்று பொத்தான். அவள் அங்கே அமத்தினால் சுவரைத் தாண்டிச் செய்தி இங்கே வரும், கொம்பியூட்டரில் செருகிய நகத்தளவு ஒரு குச்சி அதை வாங்கிச் சொல்லும். பாட்டுகள் ஒழுங்கில்லாமல் கலந்து கலந்து வரும். பிடிக்காவிட்டால் அடுத்தது, பிடித்தால் முந்தியது.

இதில் யாரும் திட்டமிடாத ஒன்று நடந்தது. முன்னறைத் திரையில் ஓடுகிற பாட்டின் பெயர் தெரியுமல்லவா? அவள் எதைத் தள்ளுகிறாள், எதைத் திரும்பக் கேட்கிறாள் என்று யோகராசா அங்கே இருந்து பார்க்கலாம். அம்மாவைப் பற்றிய பாட்டு வந்தால் இரண்டு விநாடியில் அடுத்தது. கலியாணவீட்டுக் குத்துப்பாட்டு வந்தால் கொஞ்சம் ஓடவிட்டுப் பிறகு அடுத்தது. மகளிடமிருந்து அவருக்கு வந்த கடிதம் அந்தத் திரைதான்.

முன்னறை ஸ்பீக்கர்களை மர்சூக்கே வந்து கொழுவிக் கொடுத்தார். பின்னறைக்குள் அவள் இருந்தாள், பிற ஆம்பிளை போக முடியாது. அதனால் அந்த வேலையை யோகராசா தானே செய்வதாகச் சொன்னார். தடுப்பில் இருந்து வந்தவள் என்பதால் புதன்கிழமைகளில் கம்சாயினி வதனியோடு ஆமி முகாமுக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வரவேண்டும். அப்படியொரு புதன்கிழமை, வீடு வெறுமையாக இருந்த இரண்டு மணித்தியாலத்தில், அவர் பின்னறையில் இரண்டு ஸ்பீக்கரை ஆணியில் மாட்டி, மண்டூரிலிருந்து மிஞ்சிய அந்தக் கறுப்புக் கம்பியைச் சுவர்த் துளையால் கொண்டுபோனார்.

இரண்டு கூம்பை ஒரு கம்பியில் கட்டுவது அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. பெட்டியில் இருந்து ஒரு கம்பி முதல் கூம்புக்குப் போகும், அதிலிருந்து இரண்டாவது கூம்புக்கு, அதிலிருந்து மற்றக் கம்பி வழியாகப் பெட்டிக்குத் திரும்பும். போக ஒன்று, வர ஒன்று. இந்த அம்பிளிபயரில் பின்னறைக்கென்று நாலு முனை இருந்தன: சிவப்பு இரண்டு, கறுப்பு இரண்டு. மீற்றரை வைத்துப் பார்த்தார். கறுப்பு இரண்டும் உள்ளே ஒன்றாகவே இருந்தன. ஒன்றாக இருக்கிற இரண்டு எதற்கு என்று அவற்றை விட்டுவிட்டு, ஒரு சிவப்பில் இருந்து தொடங்கி மற்றச் சிவப்பில் முடித்தார்.*

* இருபத்தைந்து வருட அனுபவம் செய்த பிழை இது. ஒன்றும் தெரியாதவர் என்றால் நாலு முனைக்கும் நாலு கம்பி கொழுவியிருப்பார், பாட்டுச் சரியாக வந்திருக்கும்.

அன்று பின்னேரம் கம்சாயினி வந்து ஸ்பீக்கர்களைப் பார்த்தாள். கீபோர்டைக் கையில் எடுத்தாள். பாட்டு ஓடியது. கால்மணித்தியாலம் கழித்து முன்னறை வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, இதில பாடுற ஆள் இல்ல."

ஐந்து மாதத்தில் அவள் அவரிடம் சொன்ன முதல் முழு வசனம். யோகராசா எழும்பப் பார்த்து எழும்பாமல், "நான் சரியாக்கித் தாறன் புள்ள" என்றார்.

5

அதற்குப் பிறகு அவர் என்னென்ன செய்தார் என்று கேளுங்கள். ஸ்பீக்கர்களை இடம் மாற்றினார். முன்னறைச் சோடியைப் பின்னறைக்குக் கொண்டுபோனார். அவையும் அங்கே போனதும் பாடகியைக் கைவிட்டன. பின்னறைச் சோடியை முன்னறைக்குக் கொண்டுவந்தார். அவை நன்றாகப் பாடின. கம்பியை வெட்டிப் புதிதாக முறுக்கினார். இதையெல்லாம் புதன்கிழமைகளில் மட்டும் செய்ய முடிந்தபடியால் மூன்று கிழமை போயிற்று. மர்சூக்கைத் தொலைபேசியில் கூப்பிட்டார். மர்சூக், "அந்தப் பொம்பிள உங்கட பின்னறைக்குள்ள வரப் பயப்பிடுறா போல" என்று பகிடியாகச் சொல்லிவிட்டு, பின்னறையில் யார் இருக்கிறார் என்பது நினைவு வந்து, பேச்சை நிறுத்திவிட்டார். "மன்னிச்சுக்கங்க அண்ணே. மட்டக்களப்பு ரவுணில ஒரு சேர் இரிக்கார், அவருக்கிட்டப் போங்க."

அப்படித்தான் என்னிடம் வந்தார். இனி நான் வாக்குக் கொடுத்த ஒன்றரைப் பந்தி.

இப்போதைய பாட்டு ஒவ்வொன்றும் உண்மையில் இரண்டு பாட்டு. ஒன்று இடது காதுக்கு, மற்றது வலது காதுக்கு. வயலின் கொஞ்சம் இடதில் கூட, புல்லாங்குழல் கொஞ்சம் வலதில் கூட. பாடுபவரை மட்டும் நடுவில் நிறுத்துவார்கள். நடுவில் நிறுத்துவது என்றால் இரண்டிலும் சரிசமமாக வைப்பது. சிவப்பு முனைகள் இரண்டும் மின்னைத் தள்ளுகின்றன. போனது திரும்பி வருவதற்குத்தான் கறுப்பு. யோகராசா கறுப்பை விட்டபடியால் இடது சிவப்பு தள்ளுவது இரண்டு ஸ்பீக்கரையும் கடந்து வலது சிவப்புக்குள்தான் போகவேண்டும். அதே நேரம் வலது சிவப்பு எதிர்ப்பக்கமாகத் தள்ளுகிறது. ஒரு கதவை இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று ஒரே பலத்தோடு தள்ளினால் கதவு அசையாது. பாடுபவர் அந்தக் கதவு. வயலினில் ஒரு பக்கம் பலம் கூட, அதனால் அசைகிறது, கேட்கிறது.

பழைய பாட்டுகளில் இடதும் வலதும் ஒன்றே. எல்லாம் சமம். ஆகவே எதுவும் அசையாது. அதுதான் வெறும் அறை.

திருத்துவது மிகச் சுலபம். பின்னறையில் இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றோடொன்று சேருகிற இடத்தில் இருந்து ஒரு மூன்றாவது கம்பி, கறுப்பு முனைக்கு. ஐந்து நிமிட வேலை. படத்தில் அதைச் சிவப்புப் பேனையால் கீறியிருந்தேன். "இவ்வளவுதானா சேர்?" என்று கேட்டார். இவ்வளவுதான் என்றேன். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். கேட்ட பிள்ளைக்குக் கேட்டதைக் கொடுக்கப் போகிற தகப்பன்.

6

அடுத்த புதனுக்கு இரண்டு நாள் இருந்தது.

திங்கட்கிழமை பின்னேரம் நாலு மணியளவில் யோகராசா முன்னறையில் மூன்றாவது கம்பிக்கு நீளம் அளந்துகொண்டிருந்தார். திரையில் ஒரு பாட்டு முடிந்தது. அதே பாட்டு மறுபடி தொடங்கியது. முடிந்தது. தொடங்கியது. (பாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அதன் மெட்டை உங்கள் வாய் முணுமுணுக்கத் தொடங்கும். உங்களுக்குப் பிடித்த, ஒரு பெண் தனியாகப் பாடுகிற பாட்டு எதையாவது வைத்துக்கொள்ளுங்கள்.) நாலாவது தரமும் அதே பாட்டு வந்தபோது, துளையின் மற்றப் பக்கத்தைச் சன்னலால் பார்ப்பதற்காகக் கம்பியைக் கையில் பிடித்தபடி வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார். அங்கே முன்னறைச் சத்தம் கேட்காது. பின்னறைச் சன்னல் பாதி திறந்திருந்தது.

பாடகி பாடிக்கொண்டிருந்தார்.

யோகராசாவுக்கு முதலில் வந்தது சந்தோசம். தானாகவே சரியாகிவிட்டது என்று நினைத்தார். கூம்பு கட்டிய காலத்தில் அப்படி நடப்பதுண்டு. கழன்ற கம்பி காற்றுக்கு அசைந்து தானாகவே பிடித்துக்கொள்ளும். எந்த இடத்தில் பிடித்திருக்கும் என்றுகூட யோசித்துக்கொண்டு நின்றார். அப்போது சரணத்தின் நடுவில் குரல் நின்றது. வயலின் போய்க்கொண்டே இருந்தது. ஒரு கிளாசை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு விட்ட வரியின் பாதியில் இருந்து குரல் திரும்பத் தொடங்கியது.

பாடகிகள் பாட்டுக்கு நடுவில் தண்ணி குடிப்பதில்லை.

அவர் அந்த இடத்திலேயே பூவரசமரத்தில் சாய்ந்துகொண்டு நின்றார். வேலிக்கு அப்பால் இருந்து வாளியோடு வந்த வதனி எதையோ சொல்ல வாயெடுத்தார். யோகராசா கையை உயர்த்தினார். வதனி வாளியைச் சத்தம் வராமல் நிலத்தில் வைத்தார். பாட்டு முடியும்வரை இருவரும் நின்றார்கள்.

"அண்ணன்," என்றார் வதனி, காதுக்குள். "நம்மட புள்ளதான் கா?"

"ஓம்."

"அந்தப் பெட்டிய இனித் தொடாத."

"அவள் சரியாக்கித் தா எண்டு கேட்டவள் வதனி."

"கேட்டது அப்ப. மறுகா கேட்டாளா? இல்லயே. உன்ர கம்பியச் சுருட்டிக்கொண்டு போ."

7

இந்த இடத்தில் யோகராசாவின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு கதைக்காரனாகச் சொல்கிறேன். சன்னலுக்கு வெளியே நின்று மகள் பாடுவதைக் களவாகக் கேட்கிற தகப்பன், கொஞ்சம் அளவுக்கு மீறிய உருக்கம். இதைவிட வழக்கமான உருக்கம் ஒன்றும் வரைவில் வைத்திருந்தேன்: மண்ணுக்குள் கிடந்து எடுத்த ஒரு கசெட், அதில் புஸ்பத்தின் குரல், பின்னறையில் அது கேட்காமல் போகிறது, அவர் அழு—

இல்லை. கசெட்டுகள் எல்லாம் கடலோடு போயின. அப்படியொன்று இருந்ததா என்றே நான் அவரிடம் கேட்கவில்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பார். செத்தவரின் குரலைக் கொண்டு அழவைப்பது எனக்குச் சுலபம். உயிரோடு அடுத்த அறையில் இருக்கிற ஒருத்தியின் குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் அவருடைய பிரச்சினை.

ஆனால் சந்தேகத்தை மறைக்காமல் அவரிடமே கேட்டேன். இரண்டாம் தரம் வந்தபோது, அதே கதிரையின் நுனியில் இருந்தார். "எவ்வளவு நேரம் நிண்டனீங்க?" என்றேன்.

"கால் விறைக்கும் வரைக்கும். பிறகு ஒவ்வொரு நாளும் நிண்டன் சேர். பிழையெண்டு தெரியும். அவள் அறிஞ்சா அண்டையோட நிப்பாட்டிருவாள் எண்டும் தெரியும்."

இரண்டு புதன்கிழமை கம்பி கொழுவாமலே போய்விட்டது. இரண்டாவது புதன் பின்னேரம் அவள் வாசலில் வந்து, "பாக்கல்லயா அப்பா?" என்று கேட்டாளாம். அவர் "பாக்கிறன்" என்றாராம்.

8

அவருக்கு நான் இரண்டு முடிவு சொன்னேன். ஒரு பழுதுபார்ப்பவனாகச் சொன்னேன் என்றுதான் அவர் நினைத்தார். கதைக்காரனும் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்தான்.

முதலாவது முடிவு. புதன்கிழமை அவர் மூன்றாவது கம்பியைக் கொழுவுகிறார். அவள் வந்து பொத்தானை அமத்துகிறாள். பாடகி நடுவில் வந்து நிற்கிறார், தெளிவாக, அழகாக, ஒரு பிழை விடாமல். கம்சாயினி வாசலுக்கு வந்து "நல்லாருக்கு" என்கிறாள். அது ஐந்தாவது சொல். நாலு சொல் வீட்டில் ஒரு சொல் கூடிவிட்டது. அதன்பிறகு திரையில் எந்தப் பாட்டும் இரண்டு தரம் வருவதில்லை. அவள் பாடி நின்ற இடத்தில் இன்னொரு ஆள் வந்து நின்றுவிட்டபடியால் அவளுக்கு அங்கே இடமில்லை.

இரண்டாவது முடிவு. அவர் கொழுவவில்லை. "ரவுண் சேருக்கும் பிடிபடல்லயாம்" என்கிறார். அவள் "பரவால்ல" என்கிறாள். மாரி முழுக்க அவள் பாடுகிறாள். மழை பெய்கிற நாட்களில் அவர் சன்னலுக்குக் கீழே குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். வீட்டில் பாட்டு இருக்கிறது, அதன் அடியில் ஒரு பொய் இருக்கிறது. (இதுதான் நல்ல கதை என்று எனக்குத் தோன்றியது. குடையும் எனக்குப் பிடித்திருந்தது.)

எதைச் செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். யோகராசா முதல் தடவையாக என்மேல் கோபப்பட்டார். சத்தம் போடவில்லை. கதிரையில் முழுசாகச் சாய்ந்து இருந்தார், அவ்வளவுதான்.

"ரெண்டிலயும் நான்தானே செய்யிறன் சேர். கொழுவினாலும் நான், விட்டாலும் நான். அண்டைக்கும் இப்படித்தான். கடல் பயம், வா போவம் எண்டன். அவள் வரமாட்டன் எண்டவள்."

பிறகு என் மேசை லாச்சியைப் பார்த்தார். பழைய பொருட்கள் போட்டு வைக்கிற லாச்சி, எப்போதும் பாதி திறந்தே இருக்கும்.

"சேர், உங்கட்ட சின்ன சுவிட்ச் ஒண்டு கிடக்கா?"

எனக்கு அது தோன்றவேயில்லை. நாற்பது வருடம் படிப்பித்தவன், படத்தைச் சிவப்புப் பேனையால் கீறியவன். கம்பி ஒன்று இருக்கும் அல்லது இருக்காது என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

9

ஒரு பழைய மேசை விளக்கில் இருந்து சுவிட்சைக் கழற்றிக் கொடுத்தேன். புதன்கிழமை அவர் வேலையை முடித்தார். கம்சாயினி கையெழுத்து வைத்துவிட்டு வந்தபோது, பின்னறை வாசலுக்கு வெளியே நின்று, அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாராம்:

"மேல தள்ளினா பாடுற ஆள் வருவா. கீழ தள்ளினா போயிருவா."

அவள் சுவிட்சைப் பார்த்தாள்.

"ஆள் இல்லாம ஆர் அப்பா கேப்பாங்க?"

"விருப்பமான ஆக்கள் கேப்பாங்க."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று யோகராசா சொன்னார். தான் சன்னலடியில் கேட்டுக்கொண்டு நின்றது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கு விளங்கியது. ஒரு சுவிட்சை அந்த இடத்தில் வைப்பதே அதைச் சொல்வதுதானே. அவள் "ம்" என்றாள். கதவைச் சாத்தினாள், மெதுவாக.

இதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. யோகராசாவுக்கும் தெரியாது. திரையில் பாட்டின் பெயர் வரும், சுவிட்ச் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று வராது. முன்னறை ஸ்பீக்கரில் எப்போதும் பாடகி பாடிக்கொண்டே இருக்கிறார், அதனால் சுவருக்கு அப்பால் யாராவது பாடினாலும் இந்தப் பக்கம் கேட்காது. முன்னறைச் சத்தத்தை நிறுத்திப் பார்க்கலாம். அவர் நிறுத்துவதில்லை. வீட்டைச் சுற்றிப் போய்ப் பூவரசமரத்தில் சாய்ந்துகொண்டு நிற்கலாம். அந்தப் புதனுக்குப் பிறகு அவர் பின்பக்கம் போகவில்லை. விறகு எடுக்கக்கூட வதனியைத்தான் கூப்பிடுகிறார். சில பின்னேரங்களில் திரையில் ஒரே பாட்டு நாலு தரம் வருகிறது. கேட்பதற்காகவும் ஒருவர் நாலு தரம் போடலாம், பாடுவதற்காகவும் போடலாம்.

மூன்றாவது முடிவை எழுத நான் பலமுறை உட்கார்ந்தேன். ஒவ்வொரு தரமும் சுவிட்சை நானே தள்ளிவிடுகிறேன். நீங்கள் வேண்டுமானால் ஒரு பக்கம் தள்ளிப் பாருங்கள். ஆனால் அது உங்கள் கையில் இருக்கிற சுவிட்ச், அவளுடையது அல்ல.

பழுது இப்படித் திருத்தப்பட்டது. பின்னறையில் இரண்டு ஸ்பீக்கரும் சேருகிற இடத்தில் இருந்து அம்பிளிபயரின் கறுப்பு முனைக்கு மூன்றாவதாக ஒரு கம்பி போகிறது. அந்தக் கம்பியின் நடுவில் ஒரு சுவிட்ச். மேலே தள்ளினால் பாடுபவர் வருவார், கீழே தள்ளினால் போய்விடுவார். சுவிட்ச் பின்னறைச் சுவரில், கட்டிலில் இருந்தபடியே கை எட்டுகிற உயரத்தில் பூட்டப்பட்டிருக்கிறது.